வாங்கிய பாட்டை வேறு வடிவத்துக்கு மாற்றுவது: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் கேசட் பதிவுக் கடையாக ஆரம்பித்தது எங்கள் கடை. அப்புறம் சிடி கடையானது, இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயர்ப் பலகை மூன்று தடவை மாறிவிட்டது. ஆனாலும் பாட்டு சம்பந்தமாக ஏதாவது சிக்கல் என்றால் ஊர்க்காரர்கள் இன்னமும் இங்கேதான் வருகிறார்கள். ஒரே பதிலைத் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். இதில் சொல்வது எல்லாம் காசு கொடுத்து வாங்கிய, உங்களுக்கே சொந்தமான பாட்டுக் கோப்புகளுக்கு மட்டும். "பென் டிரைவ் தர்றனுங்க, புதுப்படப் பாட்டெல்லாம் ஏத்திக் குடுங்க" என்று வருகிறவர்களுக்கு இங்கே பதில் கிடையாது.

காசு கொடுத்து வாங்கிய பாட்டு போனில் பாடுது, காரில் பாட மாட்டேங்குது. ஏனுங்க?

பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, பாட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டு எம்4ஏ என்று முடியும். உள்ளே இருப்பது ஏஏசி என்ற வடிவம். போனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பழைய கார் ஸ்டீரியோவுக்கும், கோயில் மைக் செட்டில் இருக்கிற யுஎஸ்பி ஆம்ப்ளிஃபயருக்கும் எம்பி3 மட்டும்தான் தெரியும். மற்றதைப் பார்த்தால் தாண்டிப் போய்விடும், அல்லது 'நோ ஃபைல்' என்று காட்டும்.

இரண்டாவது காரணம் பாட்டிலேயே இல்லை, பென் டிரைவில் இருக்கிறது. திருச்செங்கோட்டு லாரி டிரைவர் ஒருவர் 64 ஜிபி பென் டிரைவோடு வந்தார். முந்நூற்றுச் சொச்சம் பாட்டு. ஒன்றுகூட லாரியில் பாடவில்லை. "எல்லாத்தையும் எம்பி3-யா மாத்திக் குடுத்துருங்கண்ணா, எவ்வளவு ஆனாலும் சரி" என்றார். திறந்து பார்த்தால் எல்லாமே ஏற்கெனவே எம்பி3. டிரைவ் மட்டும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது. ஃபார்மட் என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை. வண்டி ஸ்டீரியோக்களில் பாதிக்கு மேல் ஃபேட்32 முறையைத்தான் படிக்கும். பாட்டை வேறிடத்தில் எடுத்து வைத்து, டிரைவை ஃபேட்32 ஆக்கி, திரும்பப் போட்டேன். வேலை முடிந்தது.

விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி, 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32-ஐக் காட்டாது. அதனால் வண்டிக்கென்று வாங்கும்போது 16 அல்லது 32 ஜிபி வாங்குங்கள். ஐந்து நிமிடப் பாட்டு, உயர்ந்த தர எம்பி3-யிலேயே 12 எம்பிதான் வரும். 32 ஜிபியில் 2,500 பாட்டுக்கு மேல் பிடிக்கும். கோபியிலிருந்து டெல்லி போய் வந்தாலும் தீராது.

ஆகவே முதலில் ஒன்று செய்யுங்கள். நன்றாகப் பாடுகிற எம்பி3 ஒன்றை அதே டிரைவில் போட்டுப் பாருங்கள். அதுவும் பாடவில்லை என்றால் வடிவத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மாற்றாமலே சமாளிக்க வழி உண்டா?

உண்டு. காரில் புளூடூத் இருந்தால் போனை இணைத்துவிடுங்கள். போன் பாட்டைத் திறந்து, காருக்குப் புரிகிற மாதிரி அதுவே அனுப்பிவிடும். ஆக்ஸ் துளை இருந்தால் இன்னும் எளிது, ஒரு வயர் போதும். மாற்றுவதற்கு ஆள் வருகிறார் என்றால் நான் முதலில் கேட்பதே இதைத்தான். என் வருமானம் கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை.

கோப்பின் பெயர் எம்4ஏ என்று முடிகிறது. அதை எம்பி3 என்று திருத்தினால் போதாதா?

போதாது. கொப்பரை மூட்டைமேல் 'மஞ்சள்' என்று எழுதி ஒட்டுவது போலத்தான் அது. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற மென்பொருள் அதைப் பாடிக் காட்டும், ஏனென்றால் அது பெயரைப் பார்ப்பதில்லை, மூட்டையைப் பிரித்துப் பார்க்கும். அதை நம்பி நீங்கள் காருக்குக் கொண்டுபோனால் ஸ்டீரியோ வாய் திறக்காது. இப்படிப் பெயரை மட்டும் மாற்றிக் கெடுத்துக்கொண்டு வாரம் ஒருவராவது வருகிறார்.

பெயர் மாற்றினாலே வேலை நடக்கிற இடம் ஒன்று உண்டு. ஐபோன் ரிங்டோன் எம்4ஆர் என்று முடியும். உள்ளே இருப்பது அதே ஏஏசி. பாட்டின் ஒரு சின்னத் துண்டை எம்4ஏ-வாக வெட்டி வைத்திருந்தால், பெயரின் கடைசியை எம்4ஆர் என்று திருத்தினால் போதும்.

எம்பி3, ஏஏசி, ஃபிளாக், வேவ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னதான் வித்தியாசம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஆடியோ சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், இடது வலது இரண்டுக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட். அதை அப்படியே கோப்பில் கொட்டி வைத்தால் அது வேவ். ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பியைத் தாண்டும்.

அதே சரக்கை இறுக்கிக் கட்டினால் ஃபிளாக். நம் பக்கத்து மில்களுக்குப் பஞ்சு பேல் பேலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்திக் கட்டியிருக்கிறார்களே தவிர பஞ்சு ஒன்றும் குறையவில்லை. பட்டையை வெட்டிவிட்டால் பழையபடி உப்பி வந்துவிடும். ஃபிளாக்கும் அப்படித்தான். 50 எம்பி பாட்டு 25, 30 எம்பிக்குள் அடங்கும், திறந்தால் ஒரு பிட் குறையாமல் வெளியே வரும். 2001-இல் வந்தது, யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஆப்பிளும் தன் பங்குக்கு 2004-இல் ஏலாக் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேலை அதேதான். 2011-இல் அதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

எம்பி3, ஏஏசி, ஓபஸ் எல்லாம் வேறு ஜாதி. காதுக்குக் கேட்காது என்று தோன்றுவதை எல்லாம் எடுத்து எறிந்துவிடுகின்றன. ஒரு பலத்த சத்தத்துக்குப் பக்கத்திலேயே வருகிற சன்னமான சத்தம் நம் காதில் விழாது. அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் கணக்கு. கெட்டிக்காரக் கணக்குதான். ஆனால் எறிந்தது எறிந்ததுதான். ஈரோட்டு மார்க்கெட்டில் விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைத்துவிட்டால் தூளாகக் குழம்புக்கு ஆகும், அந்தத் தூளை மறுபடி விரலி ஆக்க முடியுமா? எம்பி3 அந்தத் தூள்.

எம்பி3 என்ற பெயர் 1995-இல் வந்தது. ஏஏசி 1997-இல் வந்தது, பிந்தி வந்ததால் ஒரே அளவுக்குள் எம்பி3-யை விடக் கொஞ்சம் நன்றாக ஒலிக்கும். ஆனாலும் எந்த ஊர் ரேடியோ செட்டிலும் பாடுவது எம்பி3தான். வயசுக்கு ஒரு மரியாதை.

இரண்டு பாட்டும் எம்4ஏ. ஒன்று பாடுகிறது, இன்னொன்று பாடவில்லை. எப்படி?

எம்4ஏ என்பது சாக்கு மாதிரி. உள்ளே ஏஏசியும் இருக்கலாம், ஏலாக்கும் இருக்கலாம். வெளியே பார்த்தால் ஒரே சாக்குதான். ஏஏசி படிக்கிற ஸ்டீரியோ பல உண்டு, ஏலாக் படிப்பவை குறைவு. கோப்பின் அளவைப் பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 10 எம்பி பக்கம் இருந்தால் ஏஏசி, 30 எம்பி பக்கம் இருந்தால் ஏலாக்.

எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான். தூளை பேல் கட்டினாலும் தூள்தான்.

இதையே சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் கண்டுபிடிக்கிற வழியையும் சொல்கிறேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் படம் அது. சிடியிலிருந்து வந்த ஃபிளாக் என்றால் நிறம் 20,000 ஹெர்ட்ஸ் தாண்டியும் தூவினாற்போலத் தெரியும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-யிலிருந்து ஊதிப் பெருக்கியது என்றால் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அரிவாளால் வெட்டின மாதிரி கோடு நிற்கும். மிகப் பழைய பதிவுகளில் மூலத்திலேயே மேல் ஒலி இருக்காது, அவற்றை இதை வைத்து மட்டும் எடை போடாதீர்கள்.

ஏஏசியை எம்பி3 ஆக்கினால் தரம் குறையுமா? அப்படியானால் எந்த அளவில் மாற்றுவது?

குறையும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கேசட் காலத்தில் ஒரிஜினலிலிருந்து ஒரு காப்பி எடுத்தால் நன்றாக இருக்கும், அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி எடுத்தால் 'உஸ்' என்ற இரைச்சல் ஏறும், மூன்றாவதில் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடும். ஏஏசியிலிருந்து எம்பி3 என்பதும் காப்பிக்குக் காப்பிதான். ஒரு தடவை, அதுவும் தாராளமான அளவில் செய்தால் காதுக்குத் தெரியாது. ஐட்யூன்ஸ் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி. அதை எம்பி3 ஆக்கும்போது 320 வையுங்கள். எம்பி3-க்கு அதுதான் உச்சம். பாட்டின் இடத்துக்கு இடம் கூடிக் குறைகிற மாறும் அளவு வைக்க முடிந்தால், லேம் என்ற என்கோடரில் (எம்பி3 ஆக்கித் தரும் நிரல்) வி0 என்ற அமைப்பும் நல்லது, இடம் கொஞ்சம் மிச்சம்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், 128-இல் எம்பி3 ஆக்கி, அந்த எம்பி3-யை வேறு யாரோ மறுபடி ஏஏசி ஆக்கி, அதை இன்னொருவர் எம்பி3 ஆக்குவதில். ஜால்ராவும் கஞ்சிராவும்தான் முதலில் கெடும், 'சிஸ்' என்று தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அப்படிக் கேட்டால் பாட்டு பல கை மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கேட்கப் போகிறீர்கள் என்பதும் உண்டு. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் ஒருவர், தறி ஓடும்போது கேட்க என்று 320-தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இருபது தறி ஓடுகிற இடத்தில் பக்கத்து ஆள் கூப்பிடுவதே கேட்காது, அங்கே 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்கு நானே காசு தருகிறேன். வீட்டில் நல்ல ஸ்பீக்கரோ ஹெட்போனோ வைத்துக் கேட்கிறவர் என்றால் 320-க்குக் கீழே போகாதீர்கள்.

எந்த மென்பொருளில், எப்படி மாற்றுவது?

ஐட்யூன்ஸோ ஆப்பிளின் மியூசிக் ஆப்போ கம்ப்யூட்டரில் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. அமைப்புகளில் 'இம்போர்ட் செட்டிங்ஸ்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே எம்பி3 என்கோடர் என்று தேர்ந்தெடுத்து, அளவை 320 என்று வையுங்கள். பிறகு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் கன்வர்ட், அதில் 'கிரியேட் எம்பி3 வெர்ஷன்'. பழைய கோப்பு அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிது ஒன்று வரும். பட்டியலில் ஒரே பாட்டு இரண்டு தடவை தெரிகிறதே என்று பதறி ஒன்றை அழித்துவிடாதீர்கள், அழிவது எது என்று தெரியாது.

ஆப்பிள் சம்பந்தமே இல்லை என்றால் ஃப்ரீஏசி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒரு முழு ஃபோல்டரைத் தூக்கிப் போட்டால் வரிசையாக மாற்றித் தள்ளும், பாட்டின் பெயர், படத்தின் பெயர், அட்டைப் படம் எல்லாம் கூடவே போகும். விண்டோஸில் ஃபூபார்2000-ம் நல்லது. ஒன்றிரண்டு பாட்டுக்கு விஎல்சியே போதும், ஆனால் நூறு பாட்டுக்கு அதை வைத்து மாரடிக்காதீர்கள். கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது, அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கத் தேவையில்லை.

முதலில் ஒரே ஒரு பாட்டை மாற்றி, வண்டியில் போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் மற்றதை மாற்றுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை. எழுநூறு பாட்டு, இணையக் கடை ஒன்றில் பல வருஷமாக வாங்கிச் சேர்த்தது. இரவு பதினோரு மணிக்கு மாற்ற உட்கார்ந்தேன். மென்பொருளில் 'முடிந்ததும் மூலக் கோப்பை நீக்கு' என்று ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் இருந்ததைக் கவனிக்கவில்லை. அளவு 128 என்று இருந்ததையும் கவனிக்கவில்லை. தூங்கப் போய்விட்டேன். காலையில் எழுநூறும் 128 எம்பி3, மூலம் ஒன்றுகூட இல்லை. மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் வாங்கிய கடையை இழுத்து மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த எழுநூறையும் இன்னும் வைத்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த ஜால்ரா என்னைக் கேலி செய்கிற மாதிரி இருக்கும்.

ஆன்லைனில் மாற்றித் தருகிற தளங்கள் இருக்கின்றனவே?

ஒரு பாட்டுக்கு ஆத்திர அவசரத்துக்கு ஆகும். உங்கள் கோப்பை முன்பின் தெரியாத கம்ப்யூட்டருக்கு அனுப்பி, திரும்ப வாங்கி, நடுவில் பத்து விளம்பரத்தைத் தாண்டி, 'டவுன்லோட்' என்று நாலு பொத்தான் இருக்கும் இடத்தில் சரியானதை அழுத்த வேண்டும். தப்பானதை அழுத்தினால் அடுத்த நாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வருவீர்கள்.

பாட்டு ஆப்பில் சந்தா கட்டி டவுன்லோட் செய்திருக்கிறேன். அதை மாற்ற முடியுமா?

முடியாதுங்க. அது நீங்கள் வாங்கியது இல்லை, வாடகைக்கு எடுத்தது. சந்தா இருக்கும்வரை இணையம் இல்லாமலும் கேட்கலாம் என்று பூட்டோடு உங்கள் போனில் வைத்திருக்கிறார்கள். சாவி ஆப்பிடம். "மாசாமாசம் காசு கட்டறனே" என்று சண்டைக்கு வருகிறார்கள். வாடகை வீட்டுக்கும் மாதாமாதம்தான் கட்டுகிறோம்.

ஆப்பிள் ஆட்களுக்கு அடையாளம் எளிது. எம்4ஏ என்று முடிந்தால் உங்களுடையது. எம்4பி (M4P) என்று முடிந்தால் பூட்டு போட்டது. மியூசிக் ஆப்பில் பாட்டின் விவரத்தைத் திறந்தால் 'பர்ச்சேஸ்டு ஏஏசி', 'ஆப்பிள் மியூசிக் ஏஏசி' என்று வகையும் போட்டிருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் மருமகன் 2005-இல் காசு கொடுத்தே வாங்கியது. அதுவும் எம்4பி என்கிறதே?

அந்தக் காலத்தில் வாங்கியதற்கும் பூட்டு உண்டு. ஐட்யூன்ஸ் கடை 2003-இல் அமெரிக்காவில் ஆரம்பித்தபோது பாட்டெல்லாம் 128 கேபிபிஎஸ், ஃபேர்பிளே என்ற பூட்டோடுதான் விற்றார்கள். 2007-இல் ஒரு கம்பெனியின் பாட்டுகளை மட்டும் பூட்டில்லாமல் 256-இல் கொடுத்தார்கள். 2009-இல் முழுக் கடையும் பூட்டில்லாமல் ஆகிவிட்டது. இந்தியாவில் அந்தக் கடை திறந்ததே 2012 டிசம்பரில். அதனால் இங்கே வாங்கிய பாட்டுக்குப் பூட்டுப் பிரச்சினையே கிடையாது. பிந்தி வந்ததில் நமக்கு ஒரு லாபம்.

மருமகனின் பாட்டுக்கு, அந்தப் பூட்டின் விதியிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். அவருடைய கணக்கில் அனுமதித்த கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் வழியாக ஆடியோ சிடியாக எழுதலாம், ஒரே பட்டியலை ஏழு தடவை வரை. சிடியில் 80 நிமிடம் பிடிக்கும். அந்த சிடியைக் காரிலேயே போடலாம், அல்லது சிடியிலிருந்து மறுபடி கோப்பாக எடுக்கலாம். அவர்தான் ஊருக்கு வரும்போது லேப்டாப்போடு வர வேண்டும்.

இப்படி மாற்றுவது சட்டப்படி குற்றமா? கல்யாண மண்டபத்தில் போடலாமா?

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருஷத்தது. சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அதன் 52-ஆவது பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. நீங்கள் வாங்கிய பூட்டில்லாத பாட்டை உங்கள் வண்டியில் கேட்க வேறு வடிவமாக்கிக்கொள்வது அந்த வகை. பூட்டை உடைப்பது வேறு. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

கல்யாணத்துக்கு அதே 52-இல் தனி இடமே இருக்கிறது. மதச் சடங்குகளிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு போடுவது மீறல் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இணைச்சீருக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் தைரியமாகப் போடுங்கள். ஓட்டலிலோ ஜவுளிக் கடையிலோ வாடிக்கையாளர் கேட்கப் போடுவது அந்தக் கணக்கில் வராது, அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். மாற்றிய பாட்டைப் பத்துப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதும் சொந்த உபயோகம் ஆகாது.

மாற்றிய பிறகு தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாகத் தெரிகிறது.

கட்டமா கேள்விக்குறியா என்று முதலில் பாருங்கள். கட்டம் என்றால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, அந்த ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைப்பதைத் தவிர. கேள்விக்குறி என்றால் மாற்றும்போது பெயர் கெட்டுவிட்டது. எம்பி3-யின் பெயர்ச் சீட்டுக்கு ஐடி3 என்று பெயர். அதன் முதல் பதிப்பில் பாட்டுப் பெயருக்கு 30 இடம்தான், யூனிகோடு கிடையாது, தமிழ் நிற்காது. மாற்றும் மென்பொருளில் ஐடி3 பதிப்பு 2.3 என்று வையுங்கள். 2.4-ம் தமிழைத் தாங்கும், ஆனால் பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு 2.3-தான் ஒத்துவரும். கெட்டுப்போனதைத் திருத்த எம்பி3டேக் என்று ஒரு மென்பொருள் உண்டு, நூறு பாட்டை ஒரே மூச்சில் திருத்தலாம்.

பாட்டு வரிசை மாறிப் பாடுகிறது என்பார்கள். பல ஸ்டீரியோக்கள் அகரவரிசை பார்ப்பதில்லை, டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, டிரைவைக் காலி செய்து, அதே வரிசையில் ஏற்றுங்கள்.

ஒரு பாட்டு காதைக் கிழிக்கிறது, அடுத்தது முணுமுணுக்கிறது. சமமாக்க முடியுமா?

முடியும். பழைய பாட்டுகளை அடக்கமாகப் பதிந்திருப்பார்கள், இப்போதையதை மேலே முட்டுகிற அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். எம்பி3கெயின் என்ற மென்பொருள் பாட்டை மறுபடி என்கோடு செய்யாமல், உள்ளே இருக்கும் ஒலி அளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படியாக ஏற்றி இறக்கும். தரம் குறையாது, வேண்டாம் என்றால் திருப்பிக்கொள்ளலாம். ரீப்ளேகெயின் என்று இன்னொரு முறை இருக்கிறது. அது சீட்டில் குறிப்பு எழுதி வைப்பதோடு சரி, கார் ஸ்டீரியோ அந்தக் குறிப்பைப் படிக்காது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நொடி விட்டு விட்டு வருகிறது. மூலத்தில் அப்படி இல்லை.

இந்தக் கேள்வி அவிநாசிப் பக்கத்து வள்ளி கும்மிக் குழு ஒன்றிடமிருந்து வந்தது. வள்ளி திருமணக் கதையை விடாமல் பாடிப் பதிந்த ஆல்பம், பணம் கொடுத்து இறக்கியது. பயிற்சிக்கு வாத்தியார் வராத நாளில் ஆம்ப்ளிஃபயரில் அதைப் போட்டு ஆடுவார்களாம். எம்பி3 ஆக்கியதும் துண்டுக்குத் துண்டு சின்ன வெட்டு. "அந்த இடத்துல நாப்பது பேருக்கும் அடி தப்பிப் போகுதுங்கண்ணா, ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கறோம்" என்று குழுவை நடத்துகிற அக்கா சொன்னார். முட்டிக்கொண்டதைக் கையை வீசிக் காட்டியதில் என் மேசைமேல் இருந்த டீ போச்சு.

எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அடைக்கும். அதனால் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். லேம் என்கோடர் எவ்வளவு வெற்று என்று கோப்பிலேயே குறித்து வைக்கும், கம்ப்யூட்டரும் போனும் அதைப் படித்துச் சரியாகத் தாண்டும். ஆம்ப்ளிஃபயர் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. வழி ஒன்றுதான். மூலக் கோப்புகளை ஆடாசிட்டியில் வரிசையாக ஒட்டி, ஒரே நீளக் கோப்பாக்கி, கடைசியில் ஒரே தடவை எம்பி3 ஆக்க வேண்டும். நல்லவேளையாக அவர்களிடம் மூலம் ஃபிளாக்கில் இருந்தது. ராக ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு என்று பிரித்து வரும் கச்சேரிப் பதிவுகளுக்கும் இதே மருந்து.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் வாங்கினேன். அதையும் எம்பி3 ஆக்கலாமா?

ஆக்கலாம். எம்பி3-யால் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக முடியாது என்பதால் மென்பொருள் தானாகக் குறைத்துக்கொள்ளும். வண்டிக்கு அது போதும். ஐபோன்காரர்கள் ஃபிளாக்கை எம்பி3 ஆக்க வேண்டியதில்லை, ஏலாக் ஆக்கினால் மியூசிக் ஆப்பில் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது. ஆண்ட்ராய்டு ஃபிளாக்கை அப்படியே பாடும்.

மாற்றியாகிவிட்டது. பழைய கோப்பை அழித்துவிடலாமா?

எழுநூறு பாட்டுக்காரனிடம் இதைக் கேட்கிறீர்கள். அழிக்காதீர்கள். வாங்கிய கோப்பை 'மூலம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். அதன்மேல் கை வைக்காதீர்கள். காருக்கு, ஆம்ப்ளிஃபயருக்கு, போனுக்கு என்று எது வேண்டுமோ அதை மூலத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3 தொலைந்தால் பத்து நிமிட வேலை.

கடையில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்று எம்பி3 கடை திறந்தது, 2013-இலேயே மூடிவிட்டது. பூட்டில்லாத எம்பி3 என்பதால், அன்று இறக்கிப் பத்திரப்படுத்தியவர்களின் பாட்டு இன்றும் பாடும்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பேண்ட்கேம்ப் போன்ற கடைகளில் ஒரு தடவை காசு கட்டினால் எம்பி3, ஃபிளாக், ஏலாக், வேவ் எது வேண்டுமானாலும் இறக்கலாம். அங்கே ஃபிளாக்கையும் எம்பி3-யையும் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். மாற்றுகிற வேலையே இல்லை.

கடைக்கு வந்தால் என்னென்ன கொண்டுவர வேண்டும்?

வாங்கிய மூலக் கோப்பு. எதில் பாட வேண்டுமோ அந்தப் பெட்டியின் முகப்பைப் போனில் ஒரு படம். யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் எம்பி3, டபிள்யூஎம்ஏ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பான், அது தெரிகிற மாதிரி எடுங்கள். பென் டிரைவ் காலியாக இருந்தால் நல்லது, பேரன் காதுகுத்துப் போட்டோ அதில் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். கணக்கின் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குத் தேவையில்லை. ஐட்யூன்ஸில் வாங்கிய ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் வாங்கியவர் பெயரும் மின்னஞ்சலும் எழுதியிருக்கும். போன வாரம் ஒருவர் "என்னோடதுதானுங்க" என்று கொண்டுவந்த நாற்பது பாட்டிலும் அவருடைய மச்சான் பெயர் இருந்தது.